டொலர் மாஸ்டரின் இடியப்பப் பொருளாதாரம்

நாடு இனிக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த அன்று, இலங்கை முழுவதிலும் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் டொலர் மாஸ்டர்தான். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் இதை நான் சத்தியம் செய்வேன்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ரியூஷன் கொட்டிலில் வருஷக்கணக்காகப் பொருளியல் படிப்பித்தவர். பணவீக்கம், அந்நியச் செலாவணி, சென்மதி நிலுவை என்று அவர் தொண்டை வறளக் கத்த, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இப்போது பாடமெல்லாம் உயிர் பெற்றுத் தெருவில் திரிந்தது. செய்தி வந்த காலை, வெள்ளைச் சேட்டும் கழுத்தில் ரையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"பாத்தீங்களே தம்பி? கடைசி அத்தியாயம்! நான் சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை."

புதுமாப்பிள்ளைக்குக்கூட முகம் அப்படி ஒளிராது.

அப்போது நான் திருகோணமலையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கையில், ரீற்றா அக்காவின் பழைய வீட்டு மாடியில் எனக்கும் மாஸ்டருக்கும் அடுத்தடுத்த அறை. வாடகைக்குத் தங்கிச் சாப்பிடும் இன்னும் சில போடர்மாரும் இருந்தார்கள். எல்லோருக்கும் சமைத்துப் போட்டுத்தான் ரீற்றா அக்கா தன் இரண்டு மகள்மாரையும் படிப்பித்துக்கொண்டிருந்தார். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கனவு மாதிரித்தான் வருகிறது. பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை துறைமுக வீதியில் வளைந்து, கடலோரமாகப் போய், எங்கோ வெயிலில் கரைந்துவிடும். நகரத்தில் வாகன இரைச்சலே இல்லை. ஓட்டோக்களில் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆட்கள் தூங்குவார்கள். குடாவுக்கு அப்பால் மலைகள் தண்ணீரில் படாமல் மிதக்கும். நகரத்து மான்கள் விரட்டுவாரில்லாமல் வாகனங்களுக்கு நடுவே மெல்ல நடந்து வந்து, அவற்றுக்கும் பெற்றோல் வேண்டும் என்பது போல வரிசையில் நிற்கும். நாங்களும் ஒதுங்கி இடம் விடுவோம்.

அந்தக் கனவுக்குள் குடை பிடித்தபடி நடந்து நடந்து மாஸ்டர் பாடம் எடுத்தார். வெறும் கானோடு குந்தியிருந்த சல்லி ஊர் மீனவர் ஒருவர் ஒரு நாள் அவரைக் கேட்டார்.

"மாஸ்டர், மண்ணெண்ணெய் எப்ப வரும்?"

"அது தம்பி, ஏற்றுமதியை விட இறக்குமதி கூடினால் கையிருப்புக் கரையும். கையிருப்புக் கரைஞ்சால்..."

"ஓம் மாஸ்டர், விளங்குது. எப்ப வரும்?"

"ரூபாயை மிதக்க விட்டாச்சு. அது மிதந்து மிதந்து ஒரு சமநிலைக்கு வரேக்க..."

"என்ர வள்ளம் கரையில கிடக்குது மாஸ்டர். முதல்ல அதை மிதக்க விட ஒரு வழி சொல்லுங்கோ."

தூங்கிக்கொண்டிருந்த வரிசை எழும்பிச் சிரித்தது. மாஸ்டருக்குக் கோபமே வரவில்லை. "நல்ல உதாரணம், நல்ல உதாரணம்" என்று மெச்சிக்கொண்டு அடுத்த ஓட்டோவுக்குப் போனார்.

தெரு கேட்காத சீர்திருத்தத்தை வீட்டிலாவது நடைமுறைப்படுத்துவது என்று அவர் தீர்மானித்தார். முதலில் தேத்தண்ணியில் சீனி ஒழிந்தது. அடுத்தது, உள்நாட்டு உற்பத்தி. வெளியிலிருந்து வரும் கோதுமை மாவை நம்பியிருக்கக்கூடாதென்று பின்வளவு முழுக்க வத்தாளங்கிழங்குக் கொடி நட்டார். ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கொடியும் நன்றாகத்தான் படர்ந்தது. ஒரு காலை பெரிய கூக்குரல் கேட்டு எல்லோரும் ஓடினோம். ஒரு கலைமானும் அதன் குடும்பமும் கடைசிக் கொடியை அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றன.

"தங்கச்சி! என்ர பொருளாதாரத்தை மான் திண்டிட்டுது!"

ரீற்றா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் உட்கார்ந்து சிரித்தார். அதன் பிறகு நெடுநாள் அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை.

சமையல் காஸ் தீர்ந்தது. அரிசி விலை ஏறியது. ஆனாலும் ரீற்றா அக்கா எங்களிடம் ஒரு சதம் கூடக் கேட்கவில்லை. மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று மூன்றாவது சீர்திருத்தத்தை அறிவித்தார்.

"தங்கச்சி எங்களுக்கு நட்டத்தில சாப்பாடு போடுறா. இது மானியம். மானியம் ஒழிய வேணும். நாளையில இருந்து எல்லாரும் இரட்டிப்பாக் குடுக்கிறது."

நியாயம்தான். ஆனால் இரண்டு போடர்மார் இரட்டிப்பாகக் கொடுக்க வழியில்லாமல் கந்தளாய்க்கே திரும்பிப் போனார்கள். இன்னொருவர் சொல்லாமலே போனார். விலை சரியானபோது சாப்பிட ஆளில்லை. மாஸ்டர் காலியான கதிரைகளைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஒரு மாலை கரண்ட் போயிருந்த நேரம், வெளிவாசலில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். துறைமுகத் தண்ணீர் ஊதா நிறமாகி அசையாமல் கிடந்தது. ரீற்றா அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"பாஸ்போட் வந்திட்டுது. குவைத்தில வீட்டு வேலை. பிள்ளையள் லிங்கநகர்ல என்ர தங்கச்சியோட நிக்குங்கள்." பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பினார். "நான் போறது சரியோ மாஸ்டர்? உங்கட பாடத்தில என்ன சொல்லுது?"

"பாடத்தில... போகச் சொல்லித்தான் இருக்கு. நாட்டுக்கு டொலர் வரும்."

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

மாஸ்டர் ரையின் நுனியைச் சுருட்டினார், விரித்தார். கடலில் ஏதோ ஒரு வள்ளத்தின் துடுப்புச் சத்தம் வந்து போனது.

"நான் பாடத்துக்கு வெளியில கதைச்சுப் பழகேல்லை, தங்கச்சி" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

விடியற்காலை என் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, வரிசையில கிடக்கிற சனம் காலமை என்ன சாப்பிடுது?"

"ஒண்டுமில்லை மாஸ்டர்."

"ஒண்டுமில்லை! இவ்வளவு நாளும் அதுக்குள்ளதான் நடந்து திரிஞ்சனான். பசிச்ச சனத்தை விட்டிட்டுப் பாடத்தைப் பாத்திருக்கிறன்!"

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாஸ்டர் ரையோடு கடற்கரையில் ஒதுங்கிய விறகு பொறுக்கினார். ரீற்றா அக்கா அரைமனதோடு அரிசி மாவில் இடியப்பம் அவித்து, சம்பலும் வைத்துப் பார்சல் கட்டினார். காலை மூட்டத்தில் மாஸ்டர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார்.

"உள்நாட்டு உற்பத்தி! கப்பலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத இடியப்பம்!"

கிண்ணியா ஓட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "விலையும் மிதக்குதோ மாஸ்டர்?"

"மிதக்கும். வரிசை நீண்டால் ஏறும்."

வரிசை நீண்டது, விலை ஏறவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்த ஓட்டோவில் இரண்டு பார்சலை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தபடி நடந்தார். சல்லி மீனவரிடமும் காசு வாங்கவில்லை. கூடை காலியாகத்தான் திரும்பி வந்தது. காசுதான் முழுதாக வரவில்லை.

"மிச்சப் பார்சலுக்குக் காசு எங்க மாஸ்டர்?"

"அது வந்து... நலன்புரி."

"மானியம் கூடாதெண்டு சொன்னது ஆர்?"

"அது நாட்டுக்குத் தங்கச்சி. நான் ஒரு ஆள்தானே."

ரீற்றா அக்கா திரும்பவும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து காசு வாங்க நான் கூடப் போனேன். பார்சல் கொடுப்பதோடு மாஸ்டரின் வேலை முடிந்தது. கூடை இரண்டாகி, பிறகு மூன்றானது. ஒரு நாள் குவைத் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தபோது ரீற்றா அக்கா மா அப்பிய கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "இல்லை, நான் வரேல்லை. இஞ்சயே வேலை கிடைச்சிட்டுது" என்றார்.

மாஸ்டர் மேலே போய், வெறும் அறையில் தனியாக நின்று ஒரு முழுப் பாடம் நடத்தினார். பலகைத் தளம் வழியாக எங்கள் தலைக்கு மேல் அவருடைய குரல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மகள்மாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு பெற்றோல் பங்கீடு வந்தது, வரிசை கலைந்தது. அதற்குக் கவலைப்பட்டவரும் மாஸ்டர் ஒருவர்தான். ஆனால் இடியப்பத்தின் ருசி கண்டவர்கள் ரீற்றா அக்காவின் படலையைத் தேடி வரத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது ஒரு கடை.

எனக்கு இடமாற்றம் வந்தபோது மாஸ்டர் பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். ஓர் ஊழியர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதால் இரண்டு இடத்துக்கும் வரும் நன்மைகளை விளக்கினார். பஸ் வெளிக்கிட்ட பிறகும் யன்னலோடு சேர்ந்து நடந்தபடி விளக்கினார். பிறகு நடக்க ஏலாமல் நின்றுவிட்டார். வாய் மட்டும் அசைந்துகொண்டேயிருந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய விளக்கங்கள் எத்தனையோ என் காதில் விழாமல் போயிருக்கின்றன. அந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.