‘ஸ்ட்ரைவ்’ அண்ணன் போட்ட லைன்

ஆங்கில மொழி மொத்தத்தையும் ஆறேழு சொற்களுக்குள் பேசி முடித்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஒரே மனிதர், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ‘ஸ்ட்ரைவ்’ அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்குத் தெரியாது.

இளவயதில் ஏதோ வேலைக்குப் பரீட்சை எழுதப் போனவர், ‘முயற்சி’ பற்றித்தான் ஆங்கிலக் கட்டுரை வரும் என்று யாரோ சொன்னதை நம்பி அதை மட்டும் நெட்டுருப் போட்டுப் போனாராம். வந்ததோ ரயில் பயணம். வேலை கைநழுவியது. ட்ரை, அட்டெம்ப்ட், எஃபர்ட், ஸ்ட்ரைவ், அட்டெயின், அச்சீவ் மட்டும் அவரோடு தங்கிவிட்டன. சும்மா கிடக்கின்றனவே என்று டெலிபோன் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் வளைகுடாவுக்கு லைன் கிடைப்பது லேசில்லை. முதல் தடவை நம்பரை அழுத்தினால் அது ட்ரை. மறுபடி அழுத்தினால் அட்டெம்ப்ட். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினால் எஃபர்ட். ஸ்ட்ரைவ் வந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். காற்றில் லைன் ஆடுமாம்! காத்திருக்கும் நாங்கள் வேர்த்து ஒழுகியபடி அவர் முகத்தையே பார்ப்போம். மறுமுனையில் மணி அடித்தால் “அட்டெயின்!” என்பார். ஆள் குரல் கேட்டால்தான் “அச்சீவ்!”

ரெட்டியார்சத்திரத்திலிருந்து மகனோடு பேச வரும் ஓர் அம்மாவுக்கு இது பொறுக்காது. “ஏலே, எம் மகன்கிட்ட பேச வந்தேனா, ஒங்கிட்ட பாடம் படிக்க வந்தேனா?”

“செத்த நேரம் பொறு ஆத்தா. இப்பத்தான் எஃபர்ட்டுல இருக்கேன்.”

“அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வந்தவ நானு. எஃபர்ட்டு இவருக்காம்!”

பூத்துக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அது அழுவதற்கு. கண் கலங்கி வரும் பெண்களை அதில் உட்காரவைத்து, “அழுகையெல்லாம் இங்கயே முடிச்சுட்டு உள்ள போங்கம்மா. உள்ள மீட்டர் ஓடுது” என்பார். அந்த ஸ்டூலில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகி மூன்றாம் மாதமே என் கணவர் அந்தோணி மஸ்கட் போய்விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவர் குரலைக் கேட்டுவிட்டு, அதை வைத்தே அடுத்த வெள்ளிவரை ஓட்டுவேன். அவர் தங்கியிருந்த கேம்ப்பில் போனை எடுப்பவர் நாகர்கோவில்காரர். கூப்பிட்டதும் அந்தோணியை அழைத்துவந்துவிடுவார்.

திடீரென்று அந்த போனை எடுக்க ஆளில்லாமல் போயிற்று. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, ஒரு மாதம். கடிதமும் இல்லை. எனக்கு அப்போது ஏழாம் மாதம். மாமியார் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தார். தெருவில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். ஸ்ட்ரைவ் அண்ணன் மட்டும், நான் வராத நாட்களிலும் அந்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் நான் ஸ்டூலில் இருந்தபோது மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்கள். நாகர்கோவில்காரர் இல்லை; யாரோ வேற்று நாட்டுக்காரர், ஆங்கிலம் பேசுகிறார். அண்ணன் ரிசீவரை என்னிடம் நீட்டினார். எனக்குத் தமிழே வரவில்லை. லைன் போய்விடும்போல இருந்தது. அண்ணன் ரிசீவரைப் பிடுங்கினார்.

“சார்! அந்தோணி ஒய்ஃப், டெய்லி ஸ்ட்ரைவ்! நோ அட்டெயின்! பேபி கமிங் சார்! யூ எஃபர்ட்! ப்ளீஸ் சார், எஃபர்ட்!”

கடைசி எஃபர்ட்டில் அவர் குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “ஓகேன்னு சொல்றான்மா” என்றார்.

மறுநாள் உச்சி வெயிலில் எங்கள் தெருவில் ஒரே கூச்சல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அச்சீவ்! அச்சீவ்!” என்று கத்தியபடி அண்ணன் ஓடிவருகிறார். தும்முகிறார் என்று நினைத்த பூக்காரம்மா, “நூறாயுசு!” என்று வாழ்த்தினார். “தங்கச்சி, ஒம் புருசன் பூத்துக்குப் பேசிட்டாரு. திரும்பக் கூப்பிடுவாரு, வெரசா வா!”

பாலைவனத்தில் ஏதோ வேலைக்கு அந்தோணியோடு கேம்ப் ஆட்கள் எல்லோரையும் மாற்றியிருக்கிறார்கள். அங்கே போனும் இல்லை, தபாலும் இல்லை. முந்தின நாள் போனை எடுத்த கேம்ப் காவலாளிதான் ஆளைத் தேடிப் பிடித்து, போன் இருக்கும் இடத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினாராம். “உன் ஊரில் ஒருத்தர் ஏதோ பரீட்சையில் ஃபெயிலாகி அழுகிறார், போய்ப் பேசு” என்றாராம்.

செல்போன் வந்தது, பூத் போயிற்று. அண்ணனும் மகளோடு இருக்க ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பல வருடம் கழித்துத் தாடிக்கொம்பு தேரோட்டக் கூட்டத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். தலை முழுக்க நரை. ஊரோடு வந்துவிட்ட அந்தோணி என் பக்கத்தில் நின்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார்.

“குரலை மட்டுந்தான் தெரியும். இப்பத்தான் ஆளைப் பாக்குறேன்.”

“ஒரு ஞாயித்துக்கிழம சாப்பிட வீட்டுக்கு வாங்கண்ணே” என்றேன்.

“வாரேன் தாயி” என்றார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை. கூட்டம் நகர்ந்தது, அவரும் போய்விட்டார்.

இன்றைக்கும் ஞாயிறு உலை வைக்கும்போது ஓர் ஆளுக்குச் சேர்த்துத்தான் அரிசி போடுகிறேன்.