இரவல் இருமல்

எங்கள் வீட்டில் யாருடைய பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு முருங்கைக்காயாவது போட்டுத்தான் அனுப்புவோம். இந்த நல்ல பழக்கத்தை ஒரு மருத்துவக் கருவி வரைக்கும் கொண்டுபோனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சில மாதங்களாக எனக்கு வறட்டு இருமல். பீளமேட்டில் மென்பொருள் வேலை. ஆன்லைன் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே என் மைக்கை அணைத்துவிடுவார்கள். (முன்பும் அணைத்திருக்கிறார்கள். அப்போது காரணம் சொல்லவில்லை.)

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நுரையீரல் டாக்டரம்மாவிடம் போனேன். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை என் கழுத்தில் மாட்டினார்.

"இது இருமலை மட்டும் பதிவு பண்ணுமுங்க. நாளைக்குக் கொண்டு வாங்க, எப்ப எப்படி இருமறீங்கன்னு கேட்டுட்டு மருந்து எழுதறேன்."

மாட்டிய நிமிடமே இருமல் நின்றுவிட்டது. சாயங்காலம் என் மனைவி கவிதா வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணுகூடவா இருமல?"

"வரமாட்டேங்குது."

"அத்தன பெரிய டாக்டரு நம்பிக் குடுத்திருக்காங்க. வெறுமனயா திருப்பிக் குடுக்கறது?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மிளகாய்ப் பொடியை மோந்தேன், தும்மல் வந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், சந்தோஷம் வந்தது.

அப்போதுதான் ஹாலில் மாமா இருமினார். கவிதாவின் அப்பா. பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். அவர் இருமினால் சமையலறையில் தட்டு அதிரும். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். டாக்டரிடம் போகலாம் என்று கவிதா அழுதுகூடப் பார்த்துவிட்டாள். "பீடி தொட்டதில்ல, எனக்கெதுக்கு அம்மணி டாக்டரு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

"மாமா, ஒரு சின்ன உதவிங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க மாப்ள, வேணுங்கிற மட்டும் எடுத்துக்குங்க" என்று கழுத்தை நீட்டினார். தோட்டத்தில் தேங்காய் பறித்துக்கொள்ளச் சொல்லும் அதே குரல். விடிகிற வரை தாராளமாகக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டரம்மா ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இந்த இருமலோட எப்படிங்க மாடிப்படி ஏறி வந்தீங்க?"

உண்மையைச் சொல்ல அதுதான் சரியான நேரம். நான் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். என் நெஞ்சு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் இருமலைக் கேட்டார்.

"சார், இந்தச் சத்தம் இந்த நெஞ்சுல இருந்து வரலீங்க."

காலிப் பாத்திரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இந்த இருமலுக்குச் சொந்தக்காரர இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"டாக்டரம்மாவே கூப்பிட்டாங்களா?" என்றார் மாமா. மகள் அழுதும் அசையாதவர், கூப்பிட்ட மரியாதைக்குப் போகாமல் இருப்பது தப்பு என்று எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சீப்பு கதலிப்பழமும் எடுத்துக்கொண்டார். (வெறுங்கையோடு போகக்கூடாதல்லவா.)

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா பிழைத்து வந்தார். இப்போது தோட்டத்தை அவர் சுற்றினால் பின்னால் போகிற எங்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. என் இருமலுக்கு மறுபடியும் அதே கருவியை மாட்டிய டாக்டரம்மா, "காலியா வந்தாலும் பரவாயில்லீங்க" என்று சொல்லி அனுப்பினார். (வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறி வந்த இருமலாம். சாயங்கால பஜ்ஜியை நிறுத்தியதும் நின்றது.)

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "என்ற இருமல டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்த மாப்ள இவருதானுங்க."

பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் கவிதா அவருக்குப் போன் போடுவாள். "அப்பா, கொஞ்சம் இருமிக் குடுங்க."

மாமா தொண்டையைச் செருமிப் பார்ப்பார்.

"இப்ப வரமாட்டேங்குதே அம்மணி."