ஜெபத்தின் நடுவே அடித்த ஆர்டர் மணி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கையின் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டது.

இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும், உங்கள் ரத்தக்கொதிப்பின் நலமும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை கடையை மூடப்போகிறாளாம். அண்ணன் வாயிலிருந்து "சரிம்மா, மூடிடு" என்று ஒரு வார்த்தை வந்தால் போதுமாம். என் வார்த்தை இந்த வீட்டில் எந்த விலைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். மூடினாலும் சரி, மூடாவிட்டாலும் சரி, எனக்கு இதில் ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கடை போனுக்குள் இருக்கிறது, சரக்கு எங்கள் முன்னறையில் இருக்கிறது. தலையணை உறை, திரைச்சீலை, மேசை விரிப்பு. தைப்பது அவள். மடிப்பது, பெட்டியில் அடுக்குவது, டேப் ஒட்டுவது, விலாசம் எழுதுவது எல்லாம் நான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் கூரியர்காரர் சிரிக்கிறார். சாப்பாட்டு மேசை முழுக்கத் துணி கிடப்பதால் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் சனிக்கிழமை இருட்டிவிட்டால் போன் தையல் மெஷின் டிராயருக்குள் போய்விடும். திங்கட்கிழமை காலையில்தான் வெளியே வரும். "வாரத்துல ஒரு நாள் கடவுளுக்குக் கொடுக்க முடியலன்னா, மத்த நாளெல்லாம் யாரு கொடுத்ததாம்?" என்பாள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே திரைச்சீலை ஞாபகம் வருகிறது மச்சான்! கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை என்றால் அந்த ஆப் நம் கடையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறது. அதனால் போன ஞாயிறு, ஒரு பாதுகாப்புக்காக, போனை எடுத்துச் சட்டை உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன்.

அவள் பாடகர் குழுவில் முன்வரிசை. நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சு. வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பவர்களுக்காக ஆராதனையைப் போனில் நேரலையாகக் காட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்து அந்தப் போன் உயிரை விட்டுவிட்டது. மைக் பார்த்துக்கொள்கிறவர், "யார்கிட்டயாவது சார்ஜ் உள்ள போன் இருக்கா?" என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார். என் கை தானாக எழுந்துவிட்டது. நல்ல காரியம்தானே? எனக்குத் தெரிந்த நேரலை ஒன்றே ஒன்றுதான், உங்கள் தங்கை துணியை விரித்துக் காட்டுவாளே, அது. அதையே அமுக்கினேன். படுத்திருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. கடையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

போதகர் ஓய்வுநாளின் அருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பிரசங்க மேடையில் உங்கள் தங்கை காணிக்கையாகத் தைத்துக் கொடுத்த மஞ்சள் விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் கேள்விகள் வர ஆரம்பித்தன. "அந்த மஞ்சள் என்ன விலை?" "ஊதாவுல இருக்கா?" "நடுவுல ஒருத்தர் மறைக்கிறாரே, கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க." இன்னொருவர் போதகரின் வெள்ளை அங்கி எக்ஸ்எல்லில் கிடைக்குமா என்றார். நான் அப்போதே அணைத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவரைக் காக்க வைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் தங்கைதான். "அங்கி விற்பனைக்கு இல்லை, விரிப்பு உண்டு" என்று தட்டினேன். நடுவில் ஒரு பெண், "நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், உங்க ஜெபத்துல சேத்துக்கோங்க. ஊதா தலையணை உறை ஒண்ணும் வேணும்" என்று போட்டிருந்தாள். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

அந்த நேரம் பார்த்து போதகர், "எல்லாரும் மௌனமா ஜெபிப்போம்" என்றார். அப்போதுதான் ஆர்டர் மணி அடித்தது. தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று அவளே தேடிப்பிடித்து வைத்த மணி. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. மூடிய கண்ணெல்லாம் திறந்தன. முன்வரிசையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்கள் அவளோடு பிறந்து வளர்ந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "கடவுள் சந்நிதியிலயே கடைய விரிச்சாச்சு. இனிமே இந்தக் கடையே வேணாம்."

"தப்பு பண்ணது நான்தானே, என்னைத் திட்டு" என்றேன்.

"உங்க வாயையும் கையையும் மூட முடியாது. கடையத்தான் மூட முடியும்."

ஆகவே மச்சான், அவள் விருப்பப்படியே மூடச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். வீடும் விசாலமாகும். உங்களையும் குடும்பத்தையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடைசி பெஞ்சு மைத்துனர்.

பி.கு.: இதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் குளிக்கப் போனாள். மச்சான், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மூடச் சொல்லிவிடாதீர்கள்! வேலைக்குப் போன காலத்தில் அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. கடை போனால் இந்தத் துணி மேசை வெறும் சாப்பாட்டு மேசையாகிவிடும், சாப்பிட்டதும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவோம். ஞாயிறு ஞாயிறாகவே இருக்கட்டும், டிராயர் சாவியைச் சனிக்கிழமைதோறும் போதகர் வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன். ஜெபம் கேட்ட அந்தப் பெண்ணின் அம்மா பிழைத்துவிட்டார். திங்கட்கிழமை உங்கள் தங்கை போனைத் திறந்ததும் முதலில் அவளுக்குத்தான் பதில் போட்டாள், போட்டுவிட்டு வெகுநேரம் ஜெபத்திலேயே இருந்தாள். "அந்த ஒரு உறையை மட்டும் தைச்சுக் கொடுத்துட்டு மூடிடலாம்" என்கிறாள். காலையிலிருந்து ஊதா நூல்கண்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடவே குனிந்து நிமிர்ந்து தேடுகிறேன். அது என் சட்டை உள்பாக்கெட்டில் இருக்கிறது.