யானைக்குத் தெரிந்த குரல்

தகர டப்பாவைத் தட்டித் தட்டி முன்யாவோவின் கைதான் வீங்கியது. யானைகள் நிதானமாக வேலியைச் சாய்த்து, ஒரு வரிசை மக்காச்சோளத்தை முடித்துவிட்டுப் போயின.

"போன வருசமும் இதே கூத்து. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நான் மச்சாகோஸுக்கு எங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். நீங்க யானையோட குடும்பம் நடத்துங்க," என்றாள் மனைவி கலோண்டு.

அவள் சொன்னால் செய்கிறவள். முன்யாவோ உடனே பக்கத்தில் மாடு மேய்க்கும் மாசாய் இனத்துக் கொய்னெத்திடம் போய்ப் புலம்பினான்.

"உன்னைப் பார்த்து அது ஏண்ணே பயப்படணும்? நீ கம்பா ஆளு, மண்ணைக் கொத்துறவன். ஈட்டி எறிஞ்சது எங்க ஆளுங்க. யானை அதை மறக்குமா? எங்க சிவப்புத் துணியைக் கண்டாலே ஓடும்."

அவனிடமே ஒரு சிவப்புப் போர்வையை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு, சாயங்காலம் வயலில் நின்றான். யானைகள் மிரண்டு பின்வாங்கின. சந்தோஷம் தாங்காமல், "ஓடு, ஓடு!" என்று கத்தினான்.

அங்கேதான் கெட்டது. கூட்டத்தின் தலைவியான கிழட்டு யானை காதை விரித்துக் கேட்டது. கம்பா பேச்சு! திரும்பி வந்து இரண்டு வரிசை தின்றது.

"யானைக்குப் பாஷை தெரியும்னு முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"வாயைத் திறப்பேன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? சரி, தினம் சாயங்காலம் நான் கூவுற மாதிரியே கூவிப் பழகு."

பழகினான். மறுமுறை கூவல் அச்சு அசலாக வந்தது. ஆனால் தலைவி தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. காற்றில் சோப்பு வாசனை. மூன்று வரிசை போயிற்று.

முன்யாவோ குளிப்பதை விட்டான். கொய்னெத்தின் மாட்டுப் பட்டியிலேயே படுத்துப் புரண்டான்.

"வாசல்லயே நில்லுங்க. கஞ்சி அங்க வரும்," என்றாள் கலோண்டு.

பலன் கிடைத்தது. அடுத்த முறை துணி, கூவல், நாற்றம் மூன்றும் சேர்ந்ததும் தலைவி வாலைத் தூக்கியது. குட்டிகளை நடுவில் விட்டு, கூட்டமே ஓட்டமெடுத்தது. முன்யாவோவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கலோண்டு ஊருக்குக் கிளம்பக் கட்டிவைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன் வயலில் மொறுமொறுவென்று மெல்லும் சத்தம். முன்யாவோ வாசலில் நின்றபடியே கூவினான். சத்தம் கூடியது. ஓங்கிக் கூவினான். இன்னும் கூடியது. வெளிச்சம் வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது, வயலும் மொட்டையாகிவிட்டது.

"என்னை எப்படியோ கண்டுபிடிச்சிருச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கலோண்டு மறுபடி மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

வயல் பக்கமிருந்து கையில் கோலோடு மூச்சிரைக்க வந்தாள் கொய்னெத்தின் மனைவி நசியெகு.

"என் வீட்டுக்காரர் கூப்பிட்டாக்கூட எங்க மாடுங்க இப்படி வராதுண்ணே! ராத்திரி ரெண்டுதான் தப்பி வந்துச்சு. நீங்க கூப்பிடக் கூப்பிட, பட்டியையே உடைச்சிட்டு மிச்சம் அத்தனையும் ஓடி வந்திருக்கே!"