பல் வைத்தியரின் வணக்கம்

காலையில் தன்னிடம் வாயைத் திறந்து காட்டிய சீமாட்டி, மாலையில் பூங்காவில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பது டாக்டர் ஹோசியா புரூயிட்டுக்கு விளங்கவே இல்லை.

அமெரிக்காவிலிருந்து பாரிஸுக்கு வந்து எட்டு மாதம். தொழிலில் குறையில்லை. ஈறுகளை மெழுகில் அச்செடுத்து, அந்த அச்சுக்குக் கெட்டி ரப்பரில் தட்டு வார்த்து, அதில் பீங்கான் பற்களைப் பதிப்பார். இடையில் காற்றுப் புகாதபடி ஈறோடு ஒட்டுவதால், தும்மினாலும் விழாது. பிரபு வீட்டுப் பெண்கள் முகத்திரை போட்டுக்கொண்டு வேலைக்காரர் படிக்கட்டு வழியாக வருவார்கள். வாசற்காவல் பார்க்கும் கோபியோ அம்மாள்தான் கதவு திறந்துவிடுவாள்.

ஆனால், வியாழக்கிழமை விருந்துக்கு அழைத்தால் ஒருத்தியும் வருவதில்லை.

"அமெரிக்கான்னா இவங்களுக்கு மேஜை மேல கால் போடற கூட்டம்," என்றாள் மனைவி லவினியா, ஆறாவது வாரமும் மிஞ்சிய வாத்துக்கறியைப் பார்த்தபடி. "அடுத்த வாரமும் யாரும் வரலேன்னா நான் கப்பலேறிடுவேன். நீங்க உங்க பல்லுங்களோட குடித்தனம் பண்ணுங்க!"

"எல்லாம் என் தொப்பியாலதான்," என்று டாக்டர், பாரிஸ் பாணித் தொப்பி ஒன்று வாங்கினார். தன்னிடம் பல் கட்டிக்கொண்ட பிரெவான் சீமாட்டியைப் பூங்காவில் கண்டதும் அதைக் கழற்றி வணங்கினார். அவள் விசிறியால் வாயை மூடிக்கொண்டு, ஓடாத குறையாக நடந்தாள்.

"குனிஞ்சது போதலை போல." மறுநாள் இடுப்புவரை குனிந்தார். எதிரே வந்த மூன்று பெண்கள் மூன்று பக்கமாகப் பிரிந்தார்கள்.

புதன்கிழமை, சீமாட்டியின் வண்டியையே நடுத்தெருவில் நிறுத்தி, எல்லாரும் பார்க்க அழைப்பிதழை நீட்டினார்.

"யாரு இந்த ஆளு? நான் பாத்ததே இல்லையே!" என்று விசிறிக்குப் பின்னாலிருந்து அலறினாள் சீமாட்டி. வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினான்.

வீட்டில், நாளைய விருந்துக்கும் யாரும் வரப்போவதில்லை என்று லவினியா இப்போதே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மூடாத பெட்டியின்மேல் கோபியோ அம்மாள் ஏறி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க மேல அவ்வளவு இளக்காரமா அம்மா?" என்றார் டாக்டர்.

"இளக்காரம்தான். அதுக்காக வாத்துக்கறியை யாராவது விடுவாங்களா?" என்றாள் அவள். "உங்களைத் தெரியும்னு காட்டிக்கிட்டா, வாயில இருக்கறது கட்டின பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே டாக்டரய்யா! வாசல்ல 'இங்கிலீஷும் சொல்லித்தரப்படும்'னு இன்னொரு பலகை மாட்டுங்க, நாளைக்கு நாற்காலி பத்தாது."