கப்பலை விட்ட காபி

எனக்கு நாக்கு கிடையாது. வாயில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் காபி விஷயத்தில் அது வேலை செய்வதில்லை. புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவேன். இந்தச் சாதாரண உண்மையை நான் ஒப்புக்கொள்வதற்கு ஒரு முழுக் கப்பல் என்னை விட்டுப் போக வேண்டியிருந்தது.

எல்லாம் கேபிளால் வந்த வினை. கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன்னால், அந்தமானில் ஒரு குட்மார்னிங் படம் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். கேபிள் வந்ததும் போர்ட் பிளேரில் இருந்த எங்களுக்கெல்லாம் ஒரே ராத்திரியில் மெயின்லேண்டுக்குக் குடிபோய்விட்ட மாதிரி ஒரு திமிர். மற்றவர்கள் ஒழுங்காகச் சினிமா பார்த்தார்கள். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நான் காபி போடக் கற்றுத்தரும் ஆப்களாக இறக்கினேன்.

மொத்தம் ஐந்து. ஒன்று, தண்ணீரை எந்த நொடியில் ஊற்றலாம், எந்த நொடியில் நிறுத்தலாம் என்று மணி அடிக்கும். ஒன்று, இத்தனை கிராம் பொடிக்கு இத்தனை கிராம் தண்ணீர் என்று கணக்குப் போடும். (தண்ணீரைக் கிராமில் கேட்டதற்கு அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.) இன்னொன்றில், அரைத்த பொடிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுத்தால் நைஸா கொரகொரப்பா என்று தீர்ப்பு வரும். அம்மா அதை விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். ஆனால் அம்மாவுக்கு யாரும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கவில்லையே! நாலாவது, ருசி டைரி. குடித்தவுடன் மல்லிகைப்பூ, ஈரமண், ப்ளூபெர்ரி என்று நீளும் பட்டியலில் தெரிந்த ருசியை டிக் அடிக்க வேண்டும். எனக்கு எப்போதும் சூடு மட்டும்தான் தெரியும், பட்டியலில் சூடு இல்லை. அதனால் தினமும் ப்ளூபெர்ரி என்று அடித்துவிடுவேன். ப்ளூபெர்ரியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஐந்தாவது ஆப் எதற்கென்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் தினமும் காலையில் என்னைப் பாராட்டும். அதற்காகவே வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் தெற்கே கடைசித் தீவில் இருக்கிற கேம்பல் பேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் வனிதா, அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். போட்டோவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் வேறொரு கல்யாணத்துக்காக ஒன்பது பேராகப் போர்ட் பிளேருக்கு வந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்புகிற அன்று, பெட்டி படுக்கையை வேனில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கப்பல் மூன்று மணிக்கு. இரண்டரைக்கு மேல் ஏணியை எடுத்துவிடுவார்கள். அடுத்த கப்பல் நாலு நாள் கழித்து.

அவர்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். பிடித்திருந்தால் காபி கேட்பார்கள். வந்தவர் அத்தனை பேரும் அந்தக் காபியைக் குடித்தால்தான் பேச்சு உறுதியானதாக அர்த்தம். ஒருவர் பாக்கி இருந்தாலும் அரைகுறைதான். அம்மா அதற்காகவே விடியற்காலையில் பெரிய ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தாள். நான் அதை யாருக்கும் தெரியாமல் சிங்கில் கொட்டினேன். (பூனை தட்டிவிட்டது என்றுதான் அம்மா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.) என் காபிக்கு முன்னால் போட்டியே இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அறிவு அந்த அளவுக்குத்தான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு ஹவில்தார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"டீக் ஹை. எங்களுக்கு மனசுக்குப் புடிச்சிருக்கு. காபி கொண்டாங்க, குடிச்சிட்டுக் கெளம்பறோம்" என்றார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். நான் சபை நடுவில் போய், "காபி நானே போடறேன் மாமா" என்றேன்.

"அடடே! மாப்ள கையாலயா? ஷாபாஷ்!" என்றார் ஹவில்தார்.

மாப்பிள்ளை! அந்தச் சொல்லோடு சமையலறைக்குள் மிதந்து போனேன்.

மெயின்லேண்டிலிருந்து பார்சலில் வரவழைத்த கொட்டையைக் கையால் சுற்றுகிற குட்டி மெஷினில் அரைத்தேன். போட்டோ எடுத்தேன். கொரகொரப்பு என்றது ஆப். மறுபடி அரைத்தேன். மறுபடியும் கொரகொரப்பு. மூன்றாவது தடவை நைஸாகிவிட்டது, அதுவும் தப்பாம். அதற்குள் மணி ஒன்று ஐம்பத்தைந்து. அப்புறம்தான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. என் கண்ணாடிப் புனலில் ஒரு தடவைக்கு ஒரு கப்தான் இறங்கும். ஒரு கப்புக்கு நாலு நிமிஷம். ஹாலில் ஒன்பது பேர். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவன் அங்கேயே காலில் விழுந்திருப்பான். நான் தண்ணீரைச் சூடாக்கினேன்.

முதல் கப் பாதி இறங்கும்போது போன் அடித்தது. வாசலில் நின்ற வேன் டிரைவர் பாபு பாய். "பையா, ஜல்தி கரோ! கப்பல் ஜெட்டியில லைன் பெருசாயிடுச்சாம்" என்றார். போன் வந்தால் டைமர் அறுந்துவிடும். அறுந்தால், 'பரவாயில்லை, புதிதாகத் தொடங்கலாம்' என்று ஆப் அன்பாகச் சொல்லும். நான் அந்த அன்புக்குக் கட்டுப்பட்டு, பாதிக் காபியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். தாமதமாகிறதே என்று பாபு பாய் மறுபடி கூப்பிட்டார். மறுபடி அறுந்தது. அவர் அவசரப்படுத்த அவசரப்படுத்த நான் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வழியாக முதல் கப்பை ஹவில்தார் கையில் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பால்?"

"இதுல பால் சேர்க்கக் கூடாது மாமா. ப்ளூபெர்ரி வாசனை போயிடும்."

ஒரு வாய் வைத்தார். எல்லையில் குண்டடி பட்டிருந்தால்கூட அவர் முகம் அப்படி மாறியிருக்காது.

"புளிக்குதே?"

"அதுதான் இதோட ஸ்பெஷல்."

மூன்றாவது கப்புக்கு நடுவில் வனிதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் அவளை நேரில் தனியாகப் பார்க்கிற முதல் தருணம். எவ்வளவோ பேச நினைத்து வைத்திருந்தேன். "ஸ்ஸ்! இருபது செகண்ட் பேசாதீங்க!" என்றேன்.

அவள் இருபது வினாடி மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "கப்பலை நிறுத்தி வைக்க ஏதாச்சும் ஆப் வச்சிருக்கீங்களா?"

ஹாலில் ஒன்பது பேரும் நெருப்பு மேல் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகலாமென்றால் வனிதாவின் பெரியம்மா விடவில்லை. வழக்கம் என்றால் அந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம். "சரின்னு சொல்லிட்டு அரைகுறையா எந்திரிச்சா பொண்ணுக்கு ஆகாது. எல்லாரும் குடிச்சுத்தான் ஆகணும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். அதாவது, என்னைப் பிடித்துப்போன குற்றத்துக்காக அந்தக் குடும்பம் என் வீட்டில் கைதாகியிருந்தது. இரண்டு இருபதுக்கு நாலு பேர் குடித்திருந்தார்கள். இரண்டு இருபத்தைந்துக்கு ஹவில்தார் எழுந்து, "பஸ், போதும்! எல்லாரும் வண்டியில ஏறு!" என்று போட்ட சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

நான் விடவில்லை. ஐந்தாவது கப்பை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நானும் வேனில் ஏறினேன். பெரியம்மா வழியிலாவது குடிக்கட்டுமே என்று. அபர்டீன் பஜார் இறக்கத்தில் பாதிக் காபியைப் பெரியம்மாவின் பட்டுப்புடவை குடித்தது. அந்தக் குலுக்கலில் போனில் டைமர் தானாக முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

நெரிசலில் ஊர்ந்து ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏணி மேலே போயிருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். எங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் பத்தடித் தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபதடி. கப்பல் ஒரு நீண்ட ஹாரன் அடித்தது. அது ஓய்ந்த அமைதியில் என் கையிலிருந்த போன் டிங் என்றது: 'அருமை! உங்கள் காபி தயார்.'

 பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "நாலு பேர் குடிச்சதுகூடக் கணக்கில்ல. இவரு எங்க குடிச்சாரு? குரோட்டன்ஸ் தொட்டியில ஊத்தினதை நான்தான் பார்த்தேனே."

ஹவில்தார் மறுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த போனைக் குடு" என்றார்.

ஒன்றே முக்காலுக்கு மாப்பிள்ளையாக இருந்தவன் மூன்று மணிக்குத் தம்பியாகிவிட்டேன். போன் போனதுகூடப் பெரிதில்லை, அந்த ஒரு சொல் எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

வேறு போக்கிடம் இல்லாமல் ஒன்பது பேரும் பெட்டி படுக்கையோடு எங்கள் இரண்டு ரூம் குவார்ட்டர்ஸுக்கே திரும்பினார்கள். நாலு நாள். ஹவில்தார் காலை நாலரைக்கு எழுந்து, தூங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டி நடப்பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தம்பி, பக்கெட்டு நெறஞ்சிருச்சா?", "தம்பி, பாத்ரூம்ல யாரு?" நான் தம்பியாகவே தேய்ந்துகொண்டிருந்தேன். வனிதா இரண்டாம் நாள் ஃபில்டரைத் துலக்கிக்கொண்டே, "பூனைதான் தட்டிவிட்டுச்சா? நம்ம வீட்ல பூனையே இல்லையே" என்றாள். 'நம்ம வீடு' என்ற நம்பிக்கையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் ஃபில்டர் மூடி கீழே விழுந்தது. "அத்தைகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா மறக்கவும் மாட்டேன்" என்றாள்.

கப்பல் கிளம்புகிற நாள் காலை. ஹவில்தார் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, ஒம்போது டம்ளர். அஞ்சு நிமிஷம். சுரு! ஆரம்பி!"

 முந்தின ராத்திரி வனிதா இறக்கி வைத்த டிகாக்ஷன், காய்ந்த பால், சர்க்கரை. கிராம் இல்லை, மணி இல்லை, பாராட்ட ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு கலந்து ஆற்றினேன். ஒன்பது டம்ளரும் ஹாலுக்குப் போனபோது நாலு நிமிஷம் ஆகியிருந்தது. எட்டுப் பேர் குடித்துவிட்டார்கள். ஹவில்தார் கடைசியில் எடுத்து, நிதானமாக அடிவரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சக்கரை கம்மி. ஆனா டயத்துக்கு வந்துச்சு" என்றவர், சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து நீட்டினார். "இந்தாங்க மாப்ள."

நான் அழுதேன். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று கேம்பல் பே ஜெட்டியில் இறங்கினால் லோடு தூக்குகிறவர்கள்கூட "காபிவாலா தாமாத் ஆகயா!", காபிக்கார மாப்பிள்ளை வந்தாச்சு என்றுதான் என்னை வரவேற்கிறார்கள். போன மாதம் போயிருந்தோம். திரும்புகிற நாளில் கப்பல் மத்தியானம் மூன்று மணிக்கு. காலை ஒன்பது மணிக்கே மாமா பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"இன்னும் ஆறு மணி நேரம் இருக்கே மாமா. ஒரு வாய் காபி குடிச்சிட்டு..." என்று இழுத்தேன்.

வீடே அப்படியே நின்றது. வனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இதைக் குடிங்க மாப்ள. காபியெல்லாம் கப்பல் ஏறினப்புறம்."