செகண்டுக்கு மூணு ஆட்டம்

குவாதலூப்பே மாதா துணை

இஸ்தபலாபா, மெக்சிகோ நகரம், ஏப்ரல் 24

என் தங்கச்சி மகன், பெரிய படிப்பு படிச்ச பூகம்ப இஞ்சினியர் ஆர்னுல்ஃபோவுக்கு, உன் பெரியம்மா எதுவிகேஸ் எழுதறது. மாதா புண்ணியத்துல இங்க நான், என் முட்டி வலி, என் மக எர்மெலிந்தா, தங்கமான மருமகன் ராமிரோ எல்லாரும் இருக்கோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மறக்காம ஜெபம் சொல்லி நல்லா இருக்கணும்னு தினம் மெழுகுவத்தி ஏத்தறேன். மரியாதை முடிஞ்சுது, விஷயத்துக்கு வரேன்.

ஏண்டா, போன சனிக்கிழமை எர்மெலிந்தாவும் ராமிரோவும் வீட்ல இல்லாதப்போ வந்தியே, ரெண்டு தட்டு கோழி மோலே தின்னோமா, வாயத் தொடச்சோமான்னு போயிருக்கக் கூடாதா? ராமிரோவுக்கு வெளியூர்ல, கெரேத்தாரோவுல வேலை கெடைச்சிருக்கு, எம் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவாரு, இந்த ரெண்டு அடுக்கு வீட்டு மேல மூணாவது அடுக்கு எழுப்பி அவங்களுக்குக் குடுத்தா இங்கயே இருந்துடுவாங்கன்னு சொன்னேன். "நல்லது பெரியம்மா"ன்னு சொல்றத விட்டுட்டு, பையிலேர்ந்து சின்னதா ஒரு பொட்டிய எடுத்து முற்றத்துல ஊனி வச்ச. பூமி எப்பவும் லேசா நடுங்கிட்டே இருக்குமாம், பஸ்ஸு, லாரி, தூரத்துக் கடல் அலை எல்லாம் அதுல கலந்திருக்குமாம், பொட்டி அதக் கேக்குமாம். நானே இன்னும் கடலப் பார்த்ததில்லடா, அது என் முற்றத்துக்கு தினம் வந்துட்டுப் போகுதாக்கும்!

அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாதுன்ன. "நீங்க பேசலாம் பெரியம்மா, நடக்கத்தான் கூடாது." நடக்காம எப்படிடா பேசறது? அதுலயும் அந்தப் பொட்டி மேல ஒரு அம்புக்குறி, அம்பு கக்கூஸப் பார்த்துட்டு, முதுகு மாதா மாடத்துக்கு. சகிக்கல எனக்கு. நீ போன்ல பேசிட்டுத் திரும்பி நின்னப்போ பூனை மாதிரி போய் மாதா பக்கமா பதவிசா திருப்பி வச்சேன். அதுக்கு "வடக்கு பெரியம்மா, வடக்கு!"ன்னு தெருவே கேக்க அலறின. வடக்குல யாருடா இருக்கா? அமெரிக்காக்கார கிரிங்கோ இருக்கான். அவனுக்கா கும்பிடு?

மறுபடி ஆரம்பிச்ச. பன்னெண்டு மணி கோயில் மணி அடிச்சுது. "என்னமோ விழுந்திருக்கு, பொட்டியில கோடு எகிறுது"ன்னு எட்டிப் பார்த்த. ஒண்ணும் விழல, உன் பெரியம்மா ஜெபத்துக்கு முட்டி போட்டா. மூணாவது தடவை என்னை நாற்காலியில கால் தூக்கி உக்கார வச்ச, அடைகாக்கற கோழி மாதிரி.

அப்புறம் என்ன கண்டுபிடிச்ச? இந்த மண்ணு செகண்டுக்கு மூணு ஆட்டம் ஆடுது, மூணு அடுக்கு வீடும் அதே மூணு ஆட்டம் ஆடும், பூகம்பம் வந்தா ரெண்டும் ஒரே தாளத்துல சேர்ந்து, ஊஞ்சலத் தள்ளத் தள்ள எகிறற மாதிரி எகிறும், ரெண்டு அடுக்கோட நிறுத்துங்கன்ன. ஏண்டா, எண்பத்தஞ்சு பூகம்பத்துல நகரமே சரிஞ்சப்போ நான் கல்யாணமாகி வந்த புதுசு, இந்த வீட்டுல ஒரு தட்டு உடையலன்னேன். "அப்போ இது ஒத்த அடுக்கு பெரியம்மா"ன்ன. வாய் மட்டும் இருக்கு உனக்கு. மேஸ்திரி சில்வெரியோ முப்பது வருஷமா வீடு கட்டறாரு, பொட்டியா வச்சுக் கேட்டாரு? "கம்பி கனமாப் போட்டா எந்த பூமி அசைக்கும் சேன்யோரா?"ன்னு கேக்கறாரு. அவருக்கு மாதா குடுத்த மூளையில பாதி உனக்குக் குடுத்திருந்தா பல்கலைக்கழகத்துல உன்னை வச்சிருக்க மாட்டாங்க. அதனால மே மூணு சிலுவை நாளன்னிக்கு கொத்தனாருங்க வழக்கப்படி என் மொட்டை மாடியில சிலுவை நடுவாங்க, வேலை நடக்கும். நீ வரலாம். பொட்டி வரக் கூடாது.

உன் அம்மாவுக்கு என் முத்தம். மாதா தன் முந்தானையால உன்னை மூடிக் காப்பாத்தட்டும், புத்தியும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
எதுவிகேஸ் பெரியம்மா

பி.கு. இத ஒட்டறதுக்குள்ள மேஸ்திரி வந்தாரு, கம்பிய எங்க இறக்கறதுன்னு கேட்டு. திருப்பி அனுப்பிட்டேன். எர்மெலிந்தா வியாழக்கிழமை கெரேத்தாரோ போறா. "உன் புருஷன் மூஞ்சிய தினம் பார்க்க எனக்குப் பிடிக்கல, அதான் கட்டல"ன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அழுதுட்டே துணி மடிக்கறா. நீ அவகிட்ட பூமி கீமின்னு வாயத் தெறக்காத. பூமி ஆடும்னுதான் கட்டலன்னு தெரிஞ்சா, என்னை இங்க தனியா விட்டுட்டுப் போகமாட்டா.